டையின் அடியில் இரண்டு காலண்டர் தாள்

எங்கள் பட்டறை அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கிறது. பிரஸ் மிஷினில் டை என்ற இரும்பு அச்சைப் பொருத்தி, தகட்டை வெட்டி, வளைத்து, வண்டிகளுக்கு வேண்டிய கிளாம்ப், பிராக்கெட் எல்லாம் அடித்துக் கொடுக்கிறோம். ஆள் 38 பேர். நான் 22 வருடத்துக்கு முன் இன்வாய்ஸ் டைப் அடிக்கச் சேர்ந்தவள். இப்போது கணக்கு, சம்பளம், ஆடிட், ஆள் எடுப்பது, மழை வந்தால் மோட்டார் போட ஆள் பிடிப்பது எல்லாம் என் தலையில்.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் மூத்த செட்டர், அதாவது பிரஸ்ஸில் டையை மாட்டி அளவு சரி செய்பவர், ஓய்வு பெற்றார். 58 வயது, 31 வருட சர்வீஸ். சால்வை போட்டோம், சுவர்க் கடிகாரம் கொடுத்தோம், குரூப் போட்டோ எடுத்தோம். அவர் சொந்த ஊர் ஆரணிக்குப் போய்விட்டார்.

இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது மாதம் ஒரு பிராக்கெட் மொத்தமாகத் திரும்பி வந்தது. 4,200 பீஸ். வளைவு 90 டிகிரி இருக்க வேண்டும். இடது பக்கம் மட்டும் ஒன்றரை டிகிரி விரிந்திருக்கிறது, அளவு பார்க்கும் கேஜில் உட்காரவில்லை. தகட்டை மாற்றிப் பார்த்தார்கள். மேலிருந்து இறங்கி அடிக்கும் பஞ்ச்சைக் கழற்றிப் பார்த்தார்கள். டூல் ரூமில் டையை அளந்தார்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மூன்று நாள் இப்படியே போனது. கடைசியில் ஆரணிக்குப் போன் போட்டோம். அவர் கேட்ட முதல் கேள்வி: "டைக்கு அடியில காலண்டர் தாள் இருக்கா?"

இல்லை. புதுப் பையன் டையைச் சுத்தம் செய்தபோது, எண்ணெயில் ஊறி ஒட்டிக் கிடந்த இரண்டு தினசரி காலண்டர் தாளை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துப் போட்டுவிட்டான். அவன் மேல் தப்பே இல்லை. அந்த 63 டன் பிரஸ்ஸின் பெட், அதாவது டை உட்காரும் மேடை, இடது பக்கம் லேசாகத் தேய்ந்திருக்கிறது. அதைச் சமன் செய்யத்தான் செட்டர் அண்ணன் என்றைக்கோ தாளைக் கிழித்து வைத்திருக்கிறார். அதே மாதிரித் தாளை மைக்ரோமீட்டரில் அளந்தோம். ஒன்று 0.05 மி.மீ., இரண்டும் சேர்ந்து 0.1. அந்த கனத்துக்கு ஷிம் என்ற மெல்லிய தகடு வெட்டி வைத்ததும் வளைவு நேராகிவிட்டது.

எங்கள் கணக்குப் புத்தகத்தில் அந்த பிரஸ் இருக்கிறது, தேய்மானம் போக என்ன மதிப்போ அதோடு. டை இருக்கிறது. தாள் இல்லை. இருக்கவும் முடியாது. நாமே வளர்த்த பெயர், கஸ்டமர் பட்டியல் இதையெல்லாம் சொத்து என்று காட்டக் கணக்குத் தரநிலை 26 இடம் கொடுப்பதில்லை. ஆளுக்குப் பயிற்சி கொடுத்த காசு செலவில்தான் போகும். ஆடிட்டரிடம் சண்டை போட்டுப் பயனில்லை, அவர் சொல்வது சரி. ஆனால் புத்தகத்தில் இல்லாததை யாரும் எண்ணுவதில்லை, எண்ணாததை யாரும் பூட்டி வைப்பதுமில்லை.

இந்த மாதிரிச் சொத்துக்கு அறிவுசார் மூலதனம் என்று பெயர். ஸ்வீடனில் ஸ்காண்டியா என்ற இன்சூரன்ஸ் கம்பெனி 1991-இல் லெய்ஃப் எட்வின்சன் என்பவரை இதற்கென்றே டைரக்டராகப் போட்டது. 1994-ஆம் வருட ஆண்டறிக்கையோடு இதற்கும் ஒரு இணைப்பு வெளியிட்டது. மனித மூலதனம், அமைப்பு மூலதனம், உறவு மூலதனம் என்று மூன்றாகப் பிரிப்பது வழக்கம். நான் எங்கள் ஆட்களிடம் இப்படிச் சொல்வேன்: தலையில் இருப்பது, அலமாரியில் இருப்பது, போனில் இருப்பது. மூன்றையும் பாதுகாக்க நாங்கள் என்ன செய்தோம், எதில் சறுக்கினோம் என்று சொல்கிறேன். உங்களுடையது பட்டறையாக இல்லாமல் டிராவல்ஸ், லேப், அச்சகம், ஸ்கூல் எதுவாக இருந்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது.

முதலில் ஒரு தாள், ஒரு சனிக்கிழமை

சாஃப்ட்வேர் வாங்காதீர்கள். ஒரு முழுநீளத் தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் ஆள் பெயர். வலது பக்கம், "இவர் நாளைக்கு வராவிட்டால் எது நிற்கும்?" பதவி பார்க்காமல் எழுத வேண்டும். எங்கள் தாளில் புரொடக்‌ஷன் மேனேஜர் பெயர் வரவில்லை, அவருக்கு வருத்தம்தான். வந்த பெயர் ஐந்து. செட்டர் அண்ணன். ஒயர்கட் மிஷின் ஓட்டும் பெண். டெலிவரி வேன் டிரைவர். பில்லிங், பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் தனி ஆளாகப் பிடித்துக்கொண்டிருந்த நான். அப்புறம் முதலாளி. எந்தக் கஸ்டமருக்கு என்ன ரேட், ஏன் அந்த ரேட் என்பது அவர் பையில் இருக்கும் டைரிக்கு மட்டுமே தெரியும்.

இதைத் தனியாக உட்கார்ந்து எழுத வேண்டாம். ஷாப் ஃப்ளோரில் நாலு பேரைக் கேளுங்கள். டிரைவர் பெயரை எனக்குச் சொன்னது வாட்ச்மேன்தான்.

எழுதித் தரச் சொல்லாதீர்கள்

செட்டர் அண்ணன் கிளம்புவதற்கு முந்தைய மாதம் அவரிடம் 200 பக்க நோட்டு ஒன்று கொடுத்து, "உங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் எழுதிடுங்கண்ணே" என்றேன். பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைப்பு. மூன்று வாரம் கழித்து நோட்டு திரும்பி வந்தது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே எந்த ஆயில் போட வேண்டும் என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

அப்போது சோம்பல் என்று நினைத்தேன். ரிஜெக்‌ஷன் வந்த பிறகு அவரை வாரம் இரண்டு நாள் வரச் சொல்லி ஏற்பாடு செய்தோம். வந்த முதல் நாள் டீ குடிக்கும்போது நோட்டு விஷயத்தைக் கேட்டேன். சிரித்தார். "அப்பவே எழுதிக் கொடுத்திருந்தா இப்ப என்னைக் கூப்பிட்டிருப்பீங்களாம்மா?"

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் யாரிடமும் எதையும் கேட்கப் போகாதீர்கள். ஒருவருக்குத் தெரிந்ததுதான் அவருக்குப் பிடிமானம். அதைக் கொடு என்றால், பதிலுக்கு நீ என்ன கொடுப்பாய் என்று அவர் மனசுக்குள்ளாவது கேட்பார். நாங்கள் செய்தது: கடைசிச் சம்பளக் கணக்கில் தினக்கூலி, பஸ் செலவு, முதலில் ஆறு மாதத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம். இப்போது வேலையில் இருக்கும் சீனியர்களுக்கு, சொல்லிக் கொடுக்கும் நேரத்தை ஓவர்டைம் கணக்கில் சேர்க்கிறோம். சொன்னதை எழுதி வைக்கும் ஒவ்வொரு அட்டையிலும் சொன்னவர் பெயர் இருக்கும். பெயர் போடுவதற்குக் காசு செலவில்லை, ஆனால் அதற்கு இருக்கிற மரியாதை பெரிது. அந்த ஒயர்கட் பெண் தன் பெயர் போட்ட அட்டையைப் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினாள்.

பயம் போன பிறகும் அவர்களால் எழுத முடியாது. கை செய்வதை வாய் சொல்லாது. அதனால் வேலை நடக்கும் இடத்தில், வேலை நடக்கும்போதே பிடிக்க வேண்டும். கேன்டீனில் வைத்துக் கேட்டால் கதை கிடைக்கும், அளவு கிடைக்காது.

யாரை அனுப்புவது என்பது முக்கியம். இன்ஜினியரை அனுப்பினால் இருவரும் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்கள். ஒன்றும் தெரியாத பையனை அனுப்புங்கள். எங்கள் பையன் ஒடிசாவிலிருந்து வந்தவன். தமிழ் நன்றாகப் பேசுவான், படிக்கத் தெரியாது. நான் பக்கத்தில் போனை வைத்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

"எவ்ளோ டைட் வைக்கணும்ணா?"

"கை சொல்லும்டா."

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் 'அனுபவத்தில் வரும்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நகரக் கூடாது. ஸ்பேனரைப் பையன் கையில் கொடுத்தோம். அவன் முறுக்க முறுக்க அண்ணன் போல்ட்டில் விரலை வைத்துக்கொண்டு, "பத்தாது... இன்னும்... ஆங், போதும்" என்றார். அதே போல்ட்டை, இறுக்கத்தை எண்ணாகக் காட்டும் டார்க் ரெஞ்சில் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டோம். நாலு போல்ட்டிலும் அவர் சொன்ன 'போதும்' கிட்டத்தட்ட ஒரே எண்ணில் வந்து நின்றது. அவருக்கே ஆச்சரியம்.

எண்ணாக மாறாத விஷயமும் உண்டு. டை ஒழுங்காக உட்கார்ந்திருந்தால் அடி விழும்போது ஒரு சத்தம், உட்காராவிட்டால் வேறு சத்தம் என்பார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. இரண்டையும் பத்துப் பத்து விநாடி போனில் பதிந்து வைத்திருக்கிறோம். புதிதாக வருபவனுக்கு முதல் வாரத்திலேயே போட்டுக் காட்டுகிறோம். கண்ணை மூடிக்கொண்டு எது நல்ல சத்தம் என்று சொல்ல வேண்டும்.

கேள்வி கேட்பதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. "ஏன் இப்படிச் செய்றீங்க?" என்றால், குறை சொல்வது போல் இருக்கும். "கடைசியா இது எப்பக் கெட்டுப்போச்சு? அன்னைக்கு என்ன பண்ணீங்க?" என்று கேளுங்கள். கொட்டும். அடுத்த நாள் பையன் அண்ணனுக்கு முன்னால் தானே செட் செய்ய வேண்டும். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அவர் சொல்ல மறந்ததெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். "டேய், அதுக்கு முன்னாடி..." என்று அவர் ஆரம்பித்தால் எழுதிக்கொள்ளுங்கள். முந்தின நாள் விட்டுப்போனது அதுதான்.

அலமாரி

டைக்கு ஓர் அட்டை. ஏ4 ஒரு பக்கம், லாமினேட் செய்து, டை இருக்கும் ரேக்கிலேயே கம்பியில் தொங்கும். எந்த பிரஸ், ஷட் ஹைட் (பிரஸ் முழுக்க இறங்கி நிற்கும்போது உள்ள உயரம்) எவ்வளவு, ஷிம் எங்கே எவ்வளவு, போல்ட் டைட், கடைசியாக வந்த கோளாறு. வார்த்தை குறைவு, அம்புக்குறி போட்ட போட்டோ அதிகம். ஏனென்றால் படிப்பவர்களில் பாதிப் பேருக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அட்டையின் கீழ்ப் பாதி காலி. அங்கே மட்டும் லாமினேஷன் கிடையாது, பென்சிலில் எழுதலாம். டை தேயும், பெட் தேயும், அளவு மாறும். மாற்றி எழுத இடமில்லாத அட்டை ஒரு வருடத்தில் பொய்யாகிவிடும். 140 டையில் இதுவரை 96-க்கு அட்டை போட்டிருக்கிறோம். அடிக்கடி ஓடுவதை விட்டுவிட்டு, எப்போதாவது ஓடுவதில்தான் ஆரம்பித்தோம். தினமும் ஓடும் டையை நாலு பேருக்குத் தெரியும். வருடத்துக்கு இரண்டு தடவை வரும் ஆர்டரைத்தான் எல்லாரும் மறந்துபோயிருப்பார்கள்.

டிராயிங் விஷயத்தில் நாங்கள் பட்டது தண்ணீரால். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கீழ்த்தளப் பீரோவில் இருந்த பழைய டிராயிங் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிவிட்டது. மாடிப்படியில் காயப்போட்டுப் பிரித்துப் பார்த்தோம். கோடு ஒரு தாளிலும் இல்லை. 2023-இல் மிக்ஜாம் புயலின்போது எஸ்டேட்டில் மறுபடியும் தண்ணீர் ஏறியது. அந்தத் தடவை எங்களுக்குப் போனது நாற்காலிகளும் ஒரு மோட்டாரும்தான். டிராயிங் எல்லாம் ஸ்கேன் ஆகி கூகுள் டிரைவில் இருந்தது. காகிதப் பிரதி முதல் மாடியில் இருந்தது.

ஆனால் அந்த டிரைவ் யாருடைய பெயரில் இருக்கிறது என்று பார்த்தீர்களா? எங்களுடையது, வேலையை விட்டுப் போன ஒரு டிசைனர் ஆரம்பித்த ஜிமெயிலில் இருந்தது. பாஸ்வேர்டை மாற்ற ஓடிபி அவர் போனுக்குத்தான் போகும். நல்ல பையன், போன் செய்ததும் சொல்லிவிட்டான். எல்லாரும் அப்படிச் சொல்வார்கள் என்று இருந்துவிட முடியாது. கம்பெனி டொமைன், கம்பெனி மெயில், கம்பெனி சிம், பாஸ்வேர்ட் தெரிந்தவர்கள் இரண்டு பேர். இதை இன்றைக்கே செய்யுங்கள்.

இன்னொன்று, பழைய ரிவிஷன் டிராயிங்கை ஃப்ளோரில் விட்டு வைக்காதீர்கள். டிராயிங்கே இல்லாவிட்டால் வேலை நிற்கும், அவ்வளவுதான். பழைய டிராயிங் இருந்தால் வேலை தப்பாக நடக்கும். கஸ்டமர் டிராயிங் கஸ்டமருடைய சொத்து. அதை வெளியே வேலை செய்து தரும் ஜாப் ஒர்க் காரருக்கு வாட்ஸாப்பில் தட்டிவிடும் பழக்கத்தை நிறுத்த எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

போனில் இருப்பது

எங்கள் வேன் டிரைவருக்கு ஒரகடத்தில் ஒரு கஸ்டமரின் கேட்டில் எத்தனை மணிக்குப் பிறகு சரக்கு இறக்க மாட்டார்கள், டெலிவரி சலானில் என்ன குறை இருந்தால் திருப்பி அனுப்புவார்கள், ஸ்டோர்ஸில் யாரிடம் கேட்டால் காலிப் பெட்டி கிடைக்கும் எல்லாம் தெரியும். அவர் ஒரு வாரம் அம்மை போட்டுப் படுத்தபோது மூன்று லோடு திரும்பி வந்தது. இதை அட்டையில் எழுத முடியாது. மாற்று ஆளை இரண்டு டிரிப் கூட அனுப்பி, "சார், நான் இல்லாதப்ப இனிமே தம்பிதான் வருவான்" என்று டிரைவர் வாயாலேயே சொல்ல வைத்தோம். பேச்சில் கொடுத்த அறிமுகம் மெயிலில் போகாது. நம்பர்களைக் கம்பெனி போனுக்கு மாற்றினோம்.

சட்டம், கொஞ்சமாக

வக்கீல் இல்லை நான். ஆனால் முதலாளிகள் இதில் இரண்டு பக்கமும் ஏமாந்து போவதைப் பார்த்திருக்கிறேன்.

வேலையை விட்டுப் போகிறவர் எதிர்க் கம்பெனியில் சேரக் கூடாது என்று எழுதி வாங்கினால் பெரிய பூட்டுப் போட்டதாக நினைப்பார்கள். 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவுப்படி அது செல்லாது. ரகசியத்தை வெளியே கொடுக்கக் கூடாது என்று எழுதி வாங்கலாம். ஆனால் எது ரகசியம் என்று முதலில் நாம் குறித்து வைத்திருக்க வேண்டும், அதைப் பூட்டியும் வைத்திருக்க வேண்டும். வியாபார ரகசியத்துக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை.

சம்பளத்தில் இருப்பவர் வேலையின் பகுதியாக வரைந்தது, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, 1957 பதிப்புரிமைச் சட்டப்படி கம்பெனியுடையது. வெளியாளிடம் காசு கொடுத்து வரைந்து வாங்கிய டிராயிங்கும், எழுதி வாங்கிய சாஃப்ட்வேரும் அப்படித் தானாக நம்முடையது ஆகிவிடாது. கையெழுத்துப் போட்டு மாற்றித் தரவேண்டும். அந்தத் தாளில் எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம்தான். எந்த எல்லை என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும்தான். பில்லோடு சேர்த்து அன்றே வாங்கிவிடுங்கள்.

பெயரையும் லோகோவையும் பதிவு செய்வது பெரிய செலவில்லை. சிறு நிறுவனத்துக்கு ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு (சரக்கு வகைக்கு) 4,500 ரூபாய், பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பதிவு செய்யும் அலுவலகம் கிண்டி ஜிஎஸ்டி ரோட்டில். நாடு முழுவதற்குமான புவிசார் குறியீட்டுப் பதிவகமும் அதே கட்டடத்தில்தான். பேட்டன்ட் 20 வருடம், ஆனால் உள்ளே இருப்பதை எல்லாரும் படிக்கும்படி வெளியிட்டுவிடுவார்கள். விண்ணப்பம் போடும் முன்பே கண்காட்சியில் காட்டிவிட்டு வந்து பேட்டன்ட் கேட்காதீர்கள். எங்களுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. காலண்டர் தாளுக்கு யார் பேட்டன்ட் கொடுப்பார்கள்?

சுவரில் ஒரு சார்ட்

தர மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 9001-இன் 2015 பதிப்பில் 7.1.6 என்று ஒரு பிரிவு இருக்கிறது: நிறுவனத்துக்கு என்னென்ன அறிவு தேவை என்று பார்த்து, அதைக் காப்பாற்றி, வேண்டியவருக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். நல்ல பிரிவு. ஆடிட்டுக்கு முந்தின இரவு அதற்காக, யாருக்கு எந்த வேலை தெரியும் என்று வட்டம் போட்டுக் காட்டும் ஸ்கில் மேட்ரிக்ஸ் தயாராகும், எல்லா வட்டமும் கறுப்பாக நிரம்பும், ஆடிட்டர் போனதும் ஃபைல் தூங்கப் போகும். நானே அப்படி நிரப்பியிருக்கிறேன்.

இப்போது எங்கள் சார்ட்டில் வட்டத்தை நிரப்புவது நான் இல்லை. எவருக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறதோ, அவரை வைத்து அந்த வேலையை ஒரு நாள் ஓட்டிய பிறகு ஷிஃப்ட் இன்சார்ஜ் நிரப்புவார். அதைத் தவிர நான் மாதா மாதம் எண்ணுவது இரண்டே விஷயம்: எத்தனை வேலைக்கு ஒரே ஆள் இருக்கிறார், ஏற்கெனவே ஓட்டிய வேலையில் எத்தனை பீஸ் ரிஜெக்ட். முதல் எண் 17-இல் ஆரம்பித்தது, இப்போது 6.

அந்த ஆறில் ஒன்று முதலாளி. அவரிடம் ஓவர்டைம் பேச முடியாது, ஒன்றும் தெரியாத பையனையும் அனுப்ப முடியாது. சனிக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் நானே போய் உட்காருகிறேன். பழைய கொட்டேஷன் ஒன்றை எடுத்துவைத்து, இந்த ரேட் எப்படி வந்தது சார் என்று கேட்பேன். தகட்டு விலை, ஸ்கிராப் கழிவு, பிரஸ் எத்தனை அடி அடிக்கிறது என்ற ஸ்ட்ரோக் கணக்கு என்று இதுவரை எட்டு கொட்டேஷன் முடித்து, எல்லாம் ஒரு ஷீட்டில் ஏறிவிட்டது. போன வாரம் எடுத்தது மட்டும் கணக்கில் அடங்கவில்லை. ஒரு பீஸுக்கு ஏழு பைசா குறைகிறது. இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"அதுவாம்மா? அவங்க அப்பாதான் எங்கப்பாவுக்கு முதல் ஆர்டர் கொடுத்தவர்."

அதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியாமல், ஓரத்தில் 'குறிப்பு' என்று போட்டு எழுதிக்கொண்டேன்.